படுதாவுக்குப் பின்னால்

பள்ளிக்கூடத்து வருஷாந்திர விழா எப்படி நடக்கும் என்று நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாலை ஐந்து மணிக்கு என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கும். ஆறரை மணிக்குத் தலைவர் வருவார். வரவேற்பு, அறிக்கை, பரிசளிப்பு, பிரசங்கம் எல்லாம் முடிந்து, குழந்தைகளில் பாதிப் பேர் தாய்மாரின் மடியில் தூங்கிப் போன பிறகு நாடகம் ஆரம்பமாகும். ராஜா வருவான், மந்திரி வருவான். ராஜாவின் மீசை ஒரு பக்கம் கழன்று தொங்கும். சபையோர் சிரிப்பார்கள், ராஜாவின் தகப்பனார் மட்டும் சிரிக்க மாட்டார். முடிவில் ராஜாவுக்கு ஒரு வெள்ளிக் கோப்பை, மந்திரிக்கு ஒரு புஸ்தகம். மறுநாள் ஊரெங்கும் ராஜாவைப் பற்றித்தான் பேச்சு.

ராஜாவைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால், அவனுடைய கிரீடத்தை அட்டையில் வெட்டி ஜிகினாத் தாள் ஒட்டியவன் யார்? மந்திரி வசனத்தை மறந்து விழித்தபோது, பக்கத் தட்டியின் மறைவில் நின்று அடியெடுத்துக் கொடுத்தவன் யார்? காட்டுக் காட்சி முடிந்த இரண்டு நிமிஷத்துக்குள் மரங்களை அப்புறப்படுத்திச் சிம்மாசனத்தைக் கொண்டுவந்து வைத்தவர்கள் யார்? படுதாக் கயிற்றைப் பிடித்தபடி, நாடகத்தின் ஒரு காட்சியைக்கூட முன்பக்கமிருந்து பாராமல், மணியோசை ஒன்றையே எதிர்பார்த்து இரண்டு மணி நேரம் நின்றவன் யார்? இவர்களுடைய பெயர்கள் அழைப்பிதழில் இரா. நன்றியுரை கூறுபவர் ஒலிபெருக்கிக்காரருக்கும் பந்தல்காரருக்கும் நன்றி சொல்வார். இவர்களை மறந்து விடுவார்.

பள்ளிக்கூட நாடகத்தால் விளையும் கல்வியில் பெரும் பகுதி மேடைக்குப் பின்னால்தான் விளைகிறது என்பது நமது அபிப்பிராயம். இதை உணராமல், அந்தப் பின்பக்கத்தையே காசு கொடுத்து வெளியாரிடம் ஒப்படைக்கும் வழக்கம் இப்போது பரவி வருகிறது. இதனால் குழந்தைகளுக்கு உண்டாகும் நஷ்டம் சிறிதன்று. அதைப் பற்றியே இங்கே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

இளங்கோவடிகள் தந்த மரியாதை

மேடையில் தோன்றாதவர்களுக்கு மரியாதை செய்வது நமக்குப் புதிய வழக்கம் அன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் படித்தவர்கள் இதை அறிவார்கள். ஐந்தாம் வயதில் தொடங்கி ஏழு ஆண்டுகள் பயின்ற மாதவி, சோழ மன்னன் முன்னிலையில் அரங்கேறப் போகிறாள். வேறொரு கவியானால் அவளுடைய அழகையும் ஆடலையும் வர்ணிக்க உடனே புகுந்திருப்பார். அடிகளோ அவளை நிறுத்தி வைத்துவிட்டு, அவளை ஆட வைத்தவர்களை ஒவ்வொருவராக அழைத்து வந்து நமக்கு அறிமுகம் செய்கிறார். ஆடலாசிரியன் இன்னின்ன தெரிந்தவன். இசையாசிரியனுக்கு இன்ன இலக்கணம். பாட்டு எழுதும் கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோருக்கு இன்னின்ன தகுதி வேண்டும் என்று வரிசையாகச் சொல்லி வருகிறார்.

அதோடும் நின்றுவிடவில்லை. மேடை கட்டுகிற தச்சனுக்கு வேண்டிய கணக்கெல்லாம் அங்கே இருக்கிறது. 24 பெருவிரல் கொண்டது ஒரு கோல். அந்தக் கோலால் 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம் கொண்டது அரங்கு. மேடைப் பலகைக்கும் மேலேயுள்ள உத்தரப் பலகைக்கும் இடையே 4 கோல். உள்ளே வர ஒரு வாயில், வெளியே போக ஒரு வாயில். திரைகள் மூன்று வகை: ஒரு பக்கமிருந்து இழுப்பது, இரு பக்கமிருந்தும் வந்து பொருந்துவது, மேலிருந்து மறைவாக இறங்குவது. விளக்கு வைப்பதற்கும் விதி உண்டு; தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி அதை வைக்க வேண்டும். மேடை விளக்கோடு ஒரு நாளாவது மல்லாடியவர்களுக்கே இந்தக் கடைசி விதியின் அருமை தெரியும். அரங்கைக் கட்டி விளக்கேற்றித் திரையிட்ட பிறகுதான் மாதவியை அடிகள் வலது கால் வைத்து ஏறவிடுகிறார்.

பிற்காலத்து நாடக மேடையிலும் இந்த மரியாதை ஒரு விதத்தில் தொடர்ந்து வந்தது. நாடகத்தை எழுதி, பாட்டுக் கட்டி, நடிகர்களைப் பழக்கி, மேடையேற்றுபவரைத் தமிழ் நாட்டார் ‘வாத்தியார்’ என்றே அழைத்தார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் இளமையில் வேஷம் கட்டி நடித்தவர். பிறகு வேஷத்தைத் துறந்து மேடைக்குப் பின்னால் வாத்தியாராக நின்றார். 1918-ம் வருஷம் மதுரையில் அவர் சிறுவர்களைக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி. கே. எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள். ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்த அதிசயத்தை டி. கே. சண்முகம் தம் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். மறுநாள் மேடையில் கைதட்டு வாங்கியவர்கள் சிறுவர்கள். விடியும் வரை கண்விழித்தவர் வாத்தியார்.

ஆனால் அந்தச் சபைகளில் நாடகமே பிழைப்பு. பாடமும் படிப்பும் முக்கியமாயிருந்த ஒரு பள்ளிக்கூடம், உபாத்தியாயர்களும் மாணவர்களுமாகத் தானே ஒரு நாடகக் குழுவாக மாறியதைக் காண வேண்டுமானால் வங்காளத்துக்குப் போக வேண்டும்.

சாந்திநிகேதனத்து மேடை

1901-ம் வருஷம் டிசம்பரில், விரல் விட்டு எண்ணக்கூடிய சில சிறுவர்களோடு ரவீந்திரநாத் டாகுர் சாந்திநிகேதனத்தில் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். மரத்தடியில் பாடம் நடந்தது. அங்கே நாடகம் வருஷ முடிவில் தலைவருக்குக் காட்டும் வேடிக்கையாக இல்லை; படிப்பிலேயே ஒரு பகுதியாக இருந்தது. 1908-ல் மாணவர்களுக்காகவே அவர் ‘சாரதோத்ஸவம்’ எழுதினார். சரத்கால விடுமுறையைக் கொண்டாடும் சிறுவர்களின் கதை அது. பையன்கள் படிக்கும் பள்ளி ஆகையால் பெண் பாத்திரமே அதில் இல்லை. சிறுவர்களும் உபாத்தியாயர்களும் சேர்ந்து நடித்தார்கள்.

அந்த மேடையை யார் நடத்தினார்கள் என்று பார்ப்போம். நாடகமும் பாட்டும் கவியுடையவை. ஆனால் கவிக்கு ஒரு பழக்கம்: புதிய மெட்டு ஒன்றைப் பாடுவார், சிறிது காலத்துக்குள் அதை அவரே மறந்து விடுவார். அப்படி மறந்து போகாமல் உடனே கற்றுக்கொண்டு, ஸ்வரப்படுத்தி எழுதி, பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் தினேந்திரநாத் டாகுர். கவியின் மூத்த தமையனாருடைய பேரர். இவர் இல்லாவிட்டால் ரவீந்திர சங்கீதத்தில் எத்தனையோ பாட்டுக்கள் காற்றோடு போயிருக்கும். கவி இதை மறக்கவில்லை. ‘பால்குனி’ நாடகத்தை அவருக்கே சமர்ப்பணம் செய்து, பையன்களின் நாடகங்களுக்கெல்லாம் சுக்கான் பிடிப்பவர் என்றும், தம் பாட்டுக்களுக்கெல்லாம் பொக்கிஷதாரர் என்றும் அவரைக் குறிப்பிட்டார். பின்பக்கத்தில் நின்றவருக்கு ஆசிரியர் செய்த மரியாதையை அந்தப் புஸ்தகத்தைத் திறப்பவர்கள் முதலிலேயே காணலாம்.

மேடை அலங்காரம் பிற்பாடு நந்தலால் போஸ், சுரேந்திரநாத் கர் ஆகிய சித்திரக்காரர்கள் கைக்கு வந்தது. ரவீந்திரருக்கு எழுதிய படுதாக்களில் நம்பிக்கை இல்லை. வங்காளத்து ‘ஜாத்ரா’ கூத்தில் காடும் அரண்மனையும் பார்ப்பவர் மனத்திலேயே தோன்றுவதுபோல் எங்கும் தோன்ற வேண்டும் என்பது அவர் கொள்கை. ‘ரங்கமஞ்ச’ என்ற கட்டுரையில் இதை விரித்து எழுதியிருக்கிறார். இந்தக் கொள்கையால் ஏழைப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சௌகரியம் ஏற்பட்டது. படுதாக்காரனிடம் வாடகைக்கு ஓட வேண்டியதில்லை. உள்ளூர் மூங்கிலும் இலையும் பூவும் துணியும் போதும்.

‘பால்குனி’ 1915-ல் சாந்திநிகேதனத்தில் நடந்தது. மறு வருஷம் ஜனவரியில், பாங்குரா ஜில்லாவில் பஞ்சத்தால் வாடியவர்களுக்கு உதவிநிதி திரட்ட, அதையே கல்கத்தாவில் ஜோராசாங்கோ மாளிகையில் நடத்தினார்கள். பள்ளிக்கூடத்து மேடையில் கட்டிய குழு பசித்தவருக்குச் சோறு போட முடியும் என்று அப்போது தெரிந்தது.

காலியான பறவைத் தண்டு

1917-ல் அதே மாளிகையில் ‘டாக்கர்’, அதாவது ‘தபால் நிலையம்’ நடந்தது. கதை மிகச் சிறியது. அமல் என்ற நோயாளிச் சிறுவன். வெளியே போகக் கூடாது என்று வைத்தியர் கட்டளை. ஜன்னலருகே உட்கார்ந்து, தயிர்க்காரனோடும் காவற்காரனோடும் பூக்காரச் சிறுமியோடும் பேசுகிறான். எதிரே புதிதாக வந்த தபால் நிலையத்தைப் பார்த்து, ராஜாவிடமிருந்து தனக்கும் ஒரு கடிதம் வரும் என்று காத்திருக்கிறான். கடைசியில் ராஜவைத்தியர் வந்து கதவு ஜன்னல்களையெல்லாம் திறக்கச் சொல்கிறார். சிறுவன் உறங்கிப் போகிறான்.

அமலாக நடித்தவன் சாந்திநிகேதனத்து மாணவன் ஆசாமுகுல். கவியும், அவருடைய சகோதர முறையினரின் மக்களான ககனேந்திரநாதர், அவனீந்திரநாதர் என்ற இரண்டு பெரிய சித்திரக்காரர்களும் அந்தச் சிறுவனைச் சுற்றி மற்ற வேஷங்களைக் கட்டினார்கள். மாளிகையின் கூடத்துக்குள் மூங்கிலும் கூரையும் கொண்டு மெய்யான குடிசை ஒன்று எழுந்தது. எல்லாம் முடிந்த பிறகு அவனீந்திரநாதர் ஒரு பித்தளைப் பறவைத் தண்டைக் கொண்டுவந்து குடிசையின் ஒரு பக்கத்தில் தொங்கவிட்டாராம். “பறவை எங்கே?” என்ற பொருளில் நந்தலால் கேட்க, அது பறந்து போய்விட்டது, தண்டு மட்டும் இருந்தால் போதும் என்று பதில் வந்ததாம். தம் நினைவுக் குறிப்பில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். கதையின் முடிவு முழுவதும் அந்தக் காலித் தண்டில் அடங்கியிருக்கிறது. அதற்கு வசனம் இல்லை, செலவும் இல்லை. நாடகத்தைப் பல தடவை படித்து மனத்தில் வாங்கிக்கொண்ட ஒருவர் பின்பக்கத்தில் இருந்தார், அவ்வளவுதான்.

அவ்வருஷம் டிசம்பரில் கல்கத்தாவில் காங்கிரஸ் கூடியபோது காந்திஜி, திலகர், மாளவியா, அன்னி பெஸண்ட் முதலியோர் இந்த நாடகத்தைக் கண்டார்கள்.

பின்னாளில் கவியின் மருமகள் பிரதிமா தேவி உடையிலும் நடன அமைப்பிலும் தலையிட்டு உழைக்க, சாந்திநிகேதனத்து மேடை நாட்டிய நாடகத்துக்கு வளர்ந்தது. 1936-ல் ‘சித்திராங்கதா’வோடு குழு வட இந்தியாவில் நிதி திரட்டப் புறப்பட்டது. எழுபத்து நான்கு வயதில் கவி இப்படி ஊர் ஊராக அலைவதைக் காணப் பொறுக்காமல், காந்திஜி டில்லியில் 60,000 ரூபாய் கிடைக்க ஏற்பாடு செய்து அவரைத் திருப்பி அனுப்பினார்.

அதே நாடகம், வேறு பள்ளிகள்

இதற்கு முன்பே ‘தபால் நிலையம்’ கடல் கடந்து இன்னொரு பள்ளிக்கு நிதி தேடிக் கொடுத்திருந்தது. அயர்லாந்தில் டப்ளின் நகருக்கருகே பாட்ரிக் பியர்ஸ் என்ற தேசபக்தர் ஸெயிண்ட் எண்டா என்ற பள்ளியை 1908-ல் தொடங்கினார். ஐரிஷ் பாஷையையும் ஐரிஷ் வீர சரித்திரத்தையும் சிறுவர்களுக்கு ஊட்டுவது அதன் நோக்கம். பியர்ஸே நாடகம் எழுதுவார். அவர் தம்பி வில்லி சிற்பி. அங்கே சித்திரம் கற்பித்தவர். நாடக முயற்சிகளில் அண்ணனுக்கு வலக்கையாக நின்றவர். பள்ளி கடனில் தத்தளித்தபோது கவி யேட்ஸ் கைகொடுத்தார். 1913-ம் வருஷம் மே மாதம் 17-ந் தேதி, ஆபி நாடக சாலையில் ‘தபால் நிலையம்’ ஆங்கிலத்தில் நடந்தது. அதே இரவில், அதே மேடையில், ஸெயிண்ட் எண்டாவின் மாணவர்கள் பியர்ஸ் எழுதிய ‘ராஜா’ என்ற ஐரிஷ் நாடகத்தை நடித்தார்கள். வசூல் பள்ளிக்கூட நிதிக்குப் போயிற்று. 1916 ஈஸ்டர் கிளர்ச்சிக்குப் பிறகு அண்ணன் மே 3-ந் தேதியும், தம்பி மே 4-ந் தேதியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

மூன்றாவது மேடை போலந்தில். வார்ஸா நகரில் யூதர்களை நாஜிகள் அடைத்து வைத்திருந்த சேரிக்குள், டாக்டர் யானுஷ் கோர்ச்சாக் அனாதைக் குழந்தைகள் சுமார் இருநூறு பேரைக் காப்பாற்றி வந்தார். உணவு இல்லை, மருந்து இல்லை, வெளியே போக வழியும் இல்லை. 1942-ம் வருஷம் ஜூலை 18-ந் தேதி அந்தக் குழந்தைகள் ‘தபால் நிலையம்’ நடித்தார்கள். அவர்களைப் பழக்கி மேடையேற்றியவர் எஸ்தர்கா வினோக்ரான் என்ற இளம் பெண். அந்த இல்லத்தில் உதவியாக உழைத்தவர். ஏன் இந்த நாடகத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, மரணத்தைக் கலங்காமல் எதிர்கொள்ளக் குழந்தைகள் அறிந்துகொள்ளட்டும் என்று கோர்ச்சாக் பதிலளித்ததாகச் சொல்லுகிறார்கள். மூன்று வாரங்களுக்குள், ஆகஸ்ட் முதல் வாரத்தில், குழந்தைகள் அனைவரும் டிரெப்ளிங்காவுக்குக் கொண்டு போகப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். தாம் தப்பிக்கக் கிடைத்த வழிகளை மறுத்துக் கோர்ச்சாக்கும் அவர்களோடு போனார்.

பசியிலும் பயத்திலும் அந்தக் குழந்தைகள் வசனம் கற்றார்கள், ஒத்திகைக்கு வந்தார்கள், ஒரு ஜன்னலையும் கட்டிலையும் ஒரு தபால் நிலையத்தையும் அந்த அறையில் உண்டாக்கிக் கொண்டார்கள். நாடகம் போடுவது வசதியுள்ள பள்ளிக்கூடங்களின் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால், இந்த ஒரு ஒத்திகையை நினைத்துக்கொள்ள வேண்டும்.

நம் பள்ளிக்கூடங்களில்

இனி நம் ஊருக்கு வருவோம். இன்று விழா வந்தால் வெளியிலிருந்து நடன ஆசிரியர் ஒருவர் வருகிறார். ஒலிப்பதிவு செய்த பாட்டு வருகிறது, உடைகள் வாடகைக் கடையிலிருந்து மூட்டையாக வருகின்றன, பின்னால் எல்.இ.டி. திரையில் காடும் மலையும் தாமே ஓடுகின்றன. குழந்தைகள் வாயசைத்துக் கைகாட்டிவிட்டு இறங்குகிறார்கள். பார்ப்பதற்குப் பளபளப்பாக இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் குழந்தைகள் செய்ய வேண்டிய வேலை ஏதாவது அங்கே மிஞ்சியிருக்கிறதா? முன்னால் நிற்கும் அழகான இருபது குழந்தைகளைத் தவிர மற்றவர்களுக்கு வேலையே கிடையாது. பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டலாம்.

பழைய முறையில் வகுப்பு முழுவதற்கும் வேலை இருந்தது. மேடையை அளந்து, எந்த இடத்தில் சிம்மாசனம் வைத்தால் கடைசி வரிசைக்கும் தெரியும் என்று கணக்குப் பார்ப்பவனுக்கு க்ஷேத்திர கணிதம் உயிர் பெறுகிறது. சாமான் ஜாபிதா வைத்திருப்பவன், மோதிரம் ஐந்தாம் காட்சிக்கு வேண்டும் என்றால் நாலாம் காட்சியிலேயே அதைக் கையில் வைத்திருக்கிறான். தையல் தெரிந்த பெண்ணுக்கு வகுப்பில் முதல் மார்க்கு வாங்கும் பெண்ணை விட அன்று மதிப்பு அதிகம். வரவு செலவு எழுதுகிறவன், நூல்கண்டு இரண்டு வாங்கியதற்கும் ரசீது கேட்கிறான். இவர்களில் ஒருவன் அசட்டையாக இருந்தாலும் மேடையில் நிற்கிற ராஜா சபை நடுவே அவமானப்பட வேண்டியதுதான். பிறர் மானம் தன் கையில் இருக்கிறது என்ற உணர்ச்சியை எந்தப் பாடப் புஸ்தகமும் இவ்வளவு சீக்கிரம் கற்பிப்பதில்லை.

இருபது வருஷத்துக்கு மேலாக வகுப்பில் நிற்கும் நாம் கண்ட ஒரு மாணவனைப் பற்றிச் சொல்லலாம். அவனுக்குத் திக்குவாய். வகுப்பில் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான். வாய் திறப்பதற்குள் சுற்றியிருப்பவர்கள் சிரித்து விடுவார்கள். நாடகத்தில் அவனுக்கு என்ன வேஷம் கொடுப்பது? அடியெடுத்துக் கொடுக்கும் வேலையைக் கொடுத்தோம். ஒரு வாரத்தில் எல்லாப் பாத்திரங்களின் வசனமும் அவனுக்கு மனப்பாடம். மெல்லிய குரலில், ரகசியமாகச் சொல்லும்போது அவன் நாக்குத் தடுமாறவேயில்லை. நாடகத்தன்று கதாநாயகன் மூன்று இடங்களில் தடுமாறினான். மூன்று தடவையும் தட்டியின் பின்னாலிருந்து அந்தக் குரல் அவனைக் காப்பாற்றியது. சபையில் யாருக்கும் இது தெரியாது. ஆனால் வகுப்புக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவன் எழுந்து நிற்கும்போது யாரும் சிரித்ததில்லை.

பரீட்சை நெருங்கும் சமயத்தில் இதெல்லாம் எதற்கு என்று பெற்றோர் கேட்பது நியாயமே. அதற்காகத்தான் வேலையைப் பலருக்கும் பங்கிட வேண்டும். ஒருவன் தலையில் ஏற்றினால் அவன் படிப்புக் கெடும். நாற்பது பேர் பங்கிட்டுக் கொண்டால் ஒருவருக்கும் பாரம் இல்லை. அட்டைக் கிரீடத்தைக் கண்டு சபையார் சிரிப்பார்களே என்று தலைமை உபாத்தியாயர்கள் அஞ்சுகிறார்கள். சாந்திநிகேதனத்து மூங்கில் குடிசையைக் கண்டு நாட்டின் பெருந்தலைவர்கள் சிரிக்கவில்லை. வாடகைக்கு வாங்கிய வைரக் கிரீடத்தை விட, ஐந்தாம் வகுப்புப் பையன் பசை தடவி ஒட்டிய கிரீடத்தில் அவன் கையின் அடையாளம் இருக்கிறது. மீசை ஒரு பக்கம் கழன்றாலும் பாதகமில்லை; அடுத்த முறை இன்னும் நன்றாக ஒட்டக் கற்றுக்கொள்வார்கள்.

இது விஷயமாக நாம் கேட்டுக்கொள்வது அதிகமில்லை. அழைப்பிதழில் நடிகர்களின் பெயருக்குக் கீழே, விளக்கு, உடை, சாமான், பாட்டு, படுதா என்று வேலை செய்தவர்களின் பெயர்களையும் அச்சிடுங்கள். இரண்டு வரி இடம்தான் பிடிக்கும். நாடகம் முடிந்ததும் படுதாவை இன்னொரு முறை திறந்து, பின்னால் இருந்தவர்களையெல்லாம் முன்னால் அழைத்து நிறுத்துங்கள். அந்த ஒரு தடவை மட்டும் படுதாக் கயிற்றை உபாத்தியாயர் யாராவது பிடித்துக் கொள்ளட்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. நாடகம் என்று சொல்லிக்கொண்டு குழந்தை பள்ளியிலிருந்து ஓடி வந்தால், “உனக்கு என்ன வேஷம்?” என்று கேட்பது வழக்கம். வேஷம் கிடைக்காத குழந்தையின் முகம் அந்தக் கேள்வியில் வாடிவிடும். “உனக்கு என்ன வேலை?” என்று கேட்டுப் பாருங்கள். கயிறு, விளக்கு, மோதிரம், கிரீடம் என்று அது சொல்லத் தொடங்கினால் சாப்பாட்டு நேரம் முழுவதும் சொல்லிக்கொண்டே இருக்கும்.